வெண்ணெய் 18 டிகிரி, கேக் 97 டிகிரி

கேக் சரியாக வரவில்லை என்றால் முதலில் ரெசிப்பியில்தான் கை வைக்கிறோம். அடுத்த முறை ஒரு முட்டை கூடுகிறது, மைதா குறைகிறது, பேக்கிங் பவுடர் இன்னொரு அரை ஸ்பூன் ஏறுகிறது. வெண்ணெய் தாராளமாகப் போட்டுச் செய்யும் கனமான கேக்குகளில் இதனால் பெரிதாக எதுவும் மாறாது. அங்கே கோளாறு அளவில் இருப்பதைவிடச் சூட்டில் இருப்பதுதான் அதிகம். வெண்ணெய் என்ன பதத்தில் இருந்தது, முட்டை ஃப்ரிட்ஜிலிருந்து நேராக வந்ததா, ஓவன் உண்மையில் எத்தனை டிகிரியில் எரிந்தது, உள்ளே எவ்வளவு சூடேறியதும் கேக்கை வெளியே எடுத்தோம் என்று பார்க்க வேண்டும். இவை ஒழுங்காக இருந்தால் சுமாரான ரெசிப்பிகூடத் தேறிவிடும்.

அதனால் விலை உயர்ந்த ஸ்டாண்ட் மிக்ஸருக்கு முன்னால் வாங்க வேண்டியவை மூன்று சின்னச் சாமான்கள்: ஒரு டிஜிட்டல் எடை மெஷின், ஓவனுக்குள் தொங்கவிடும் தெர்மாமீட்டர், குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர். எடை மெஷின் ஏன் என்றால், மைதாவை ஸ்பூனால் அள்ளி மெதுவாக நிரப்பினால் ஒரு கப் 120 கிராம் வரும். கப்பை மாவுக்குள் அமிழ்த்தி எடுத்தால் 150 கிராம் ஏறிவிடும். இரண்டு கப் ரெசிப்பியில் 60 கிராம் வித்தியாசம். கேக் வறண்டு போக அதுவே போதும். கப் கணக்கில் எழுதிய ரெசிப்பி ஒருவருக்கு நன்றாகவும் இன்னொருவருக்குக் கட்டையாகவும் வருவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

அடிப்படை பட்டர் கேக்

8 அங்குல வட்ட டின் (3 அங்குல உயரம்) ஒன்றுக்கான அளவு: உப்பில்லாத வெண்ணெய் 225 கிராம், சர்க்கரை 225 கிராம், முட்டை 4 (ஓடு நீக்கி சுமார் 200 கிராம்), மைதா 225 கிராம், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், பால் 2 டேபிள்ஸ்பூன், வெனிலா எசன்ஸ் 1 டீஸ்பூன். வெண்ணெய் உப்புப் போட்டது என்றால் தனி உப்பு வேண்டாம்.

இது ஏறக்குறைய பழைய பவுண்ட் கேக் கணக்கு. வெண்ணெய், சர்க்கரை, முட்டை, மைதா நான்கும் சம எடை. அந்தப் பழைய கேக்கில் பேக்கிங் பவுடரே கிடையாது. ஆல்ஃப்ரெட் பேர்ட் இங்கிலாந்தில் பேக்கிங் பவுடரைச் செய்தது 1843இல். அதற்கு வெகுகாலம் முன்பே பவுண்ட் கேக் இருந்தது. வெண்ணெயிலும் முட்டையிலும் அடித்து ஏற்றிய காற்றை மட்டுமே நம்பி அது உப்பியது. இன்றைக்கும் நிலைமை அதிகம் மாறவில்லை. பேக்கிங் பவுடர் புதிதாகக் காற்றுக் குமிழிகளை உண்டாக்குவதில்லை, கலவையில் ஏற்கெனவே இருக்கும் குமிழிகளைப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். அடிக்கும்போது குமிழி சேரவில்லை என்றால் பவுடரை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை. மாறாக, அதிகமான வாயு சில குமிழிகளில் மட்டும் போய்ச் சேர்ந்து, அவை பெருத்து, வெடித்து, நடுவில் பள்ளம் விழும். கூடவே ஒரு கசப்பு.

வெண்ணெயும் சர்க்கரையும்

க்ரீம் செய்ய, அதாவது சர்க்கரையோடு சேர்த்துக் காற்றேற அடிக்க, வெண்ணெய் 18 முதல் 20 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். ரெசிப்பிகள் "ரூம் டெம்பரேச்சர்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. குளிர்ந்த அறையில் அது 15 டிகிரியாக இருக்கும், வெயில் நாளில் 32 டிகிரியாக இருக்கும். 32 டிகிரியில் வெண்ணெய் உருகவே ஆரம்பித்துவிடும். விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழ வேண்டும், குழியின் விளிம்பு அப்படியே நிற்க வேண்டும், மேற்பரப்பில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கக் கூடாது. விரல் தடையில்லாமல் அடிவரை இறங்கினால் கடந்துபோய்விட்டது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததை 2 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிப் பரப்பி வைத்தால், மிதமான அறையில் அரை மணி நேரத்தில் பதத்துக்கு வரும். மைக்ரோவேவ் வேண்டாம். வெளியே கட்டியாக இருக்கும்போதே நடுவில் உருகிக் கிடக்கும்.

இந்தக் கட்டுப்பாடு எதற்கு? க்ரீம் செய்யும்போது சர்க்கரைத் துகள்களின் கூர்முனைகள் வெண்ணெயைக் கீறிக்கொண்டு போகின்றன. அந்தக் கீறல்களில் காற்று மாட்டிக்கொள்கிறது. வெண்ணெயில் உள்ள கொழுப்புப் படிகங்கள் அந்தக் காற்றைப் பிடித்து நிறுத்துகின்றன. மிகவும் குளிர்ந்திருந்தால் வெண்ணெய் கட்டி கட்டியாக உடைகிறதே தவிர விரிவதில்லை. மிகவும் சூடாக இருந்தால் பிடித்து நிறுத்தப் படிகங்களே இருக்காது, ஏற்றிய காற்று ஏறிய வேகத்தில் வெளியே போய்விடும். ஒரு தடவை உருகிய வெண்ணெயை மறுபடி ஃப்ரிட்ஜில் வைத்து இறுக்கினாலும் பழைய அமைப்பு திரும்பாது. அதைக் கீழே சொல்லப்போகும் சாக்லேட் கேக்குக்கு ஒதுக்கி வையுங்கள்.

சர்க்கரை மெல்லிய துகளாக இருக்க வேண்டும், ஆனால் மாவாகக் கூடாது. நிறையப் பேர் மிக்ஸியில் நைசாகப் பொடித்துப் போடுகிறார்கள். சீக்கிரம் கரையும் என்பது உண்மைதான். ஆனால் கீறுவதற்கு முனைகள் இல்லாததால் காற்று குறைவாகவே ஏறும், கேக்கின் உள்பகுதி நெருக்கமாக இருக்கும். துகள் பெரிதாக இருந்தால் மிக்ஸியில் நாலைந்து வினாடி விட்டுவிட்டு ஓட்டினால் போதும்.

ஹேண்ட் மிக்ஸரில் நடுத்தர வேகத்தில் 5 முதல் 7 நிமிடம் அடியுங்கள். அதிவேகம் வைத்தால் உராய்வில் வெண்ணெய் சூடாகிவிடும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி, கிண்ணத்தின் ஓரத்தையும் அடியையும் ஸ்பாட்டுலாவால் வழித்து விடுங்கள். வழிக்காமல் ஒட்டிக் கிடக்கும் வெண்ணெய் கடைசியில் கேக்கில் பிசுக்கான புள்ளிகளாகத் தலை காட்டும். மஞ்சள் நிறம் வெளுத்து வெள்ளைக்குப் பக்கத்தில் வரும், அளவு கண்ணுக்குத் தெரியும்படி கூடும், ஸ்பாட்டுலாவில் எடுத்தால் கனமில்லாமல் நிற்கும். விரலில் தேய்த்தால் சர்க்கரை இன்னும் கொஞ்சம் நறநறவென்று இருக்கும். அது முழுக்கக் கரையும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

சமையலறை சூடாக இருந்தால் அடிக்க அடிக்க வெண்ணெய் தளர்ந்து, பளபளத்து, கிண்ணத்தில் வழுக்க ஆரம்பிக்கும். அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். கிண்ணத்தைப் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத் தொடரலாம். "இன்னும் ரெண்டு நிமிஷம் அடிச்சா சரியாயிடும்" என்று தொடர்ந்தால் சரியாகாது.

முட்டை திரிவது

பட்டர் கேக்கில் பலரைத் தடுக்கி விழவைக்கும் கட்டம் இது. முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர். 200 கிராம் முட்டை என்றால் கிட்டத்தட்ட 150 மில்லி தண்ணீரை வெண்ணெய்க்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின்தான் இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. அதற்கு அவகாசமும் வேண்டும், இளஞ்சூடும் வேண்டும். 4 டிகிரியில் இருக்கும் முட்டையை ஊற்றினால் வெண்ணெய் அங்கங்கே இறுகிச் சிறு உருண்டைகளாகிவிடும், தண்ணீர் தனியே பிரிந்து நிற்கும். கலவை திரிந்த பால் மாதிரி ஆகிவிடும்.

முட்டை 20 முதல் 22 டிகிரியில் இருக்கட்டும். மறந்துவிட்டால் ஓட்டோடு, கை பொறுக்கும் சூட்டு நீரில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். நான்கையும் ஒரு குவளையில் உடைத்து, உப்பும் எசன்ஸும் சேர்த்து முள்கரண்டியால் லேசாகக் கலக்கிக்கொள்ளுங்கள். பிறகு ஏழெட்டுத் தவணையாக ஊற்றி, ஒவ்வொரு தவணைக்கும் 20 முதல் 30 வினாடி அடியுங்கள். "ஒவ்வொரு முட்டையாகச் சேர்க்கவும்" என்பது வழக்கமான வரி. நடக்கும்தான், ஆனால் ஒரு முழு முட்டை ஒரே நேரத்தில் விழுவது கொஞ்சம் அதிகம். முதல் இரண்டு முட்டை சமர்த்தாகச் சேர்ந்துவிட்டு, மூன்றாவதில் பிரச்சினை தொடங்குவது இதனால்தான். தண்ணீர் கூடக் கூடக் கலவையின் பிடிமானம் குறைந்துகொண்டே போகிறது.

திரிய ஆரம்பித்தால் ஓரங்களில்தான் முதலில் தெரியும். வழுவழுப்பு போய்ச் சொரசொரப்பாகும், பீட்டர் போன தடத்தில் ஈரம் மினுங்கும். உடனே முட்டையை நிறுத்திவிட்டுக் கிண்ணத்தின் அடியைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால், வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் பத்துப் பதினைந்து வினாடி வைத்து எடுத்து அடியுங்கள், பெரும்பாலும் கூடிவிடும். சில்லிப்பு இல்லாமலே திரிந்தால் முட்டை வேகமாகப் போய்விட்டது என்று பொருள். அளந்து வைத்த மைதாவிலிருந்து ஒரு டேபிள்ஸ்பூன் எடுத்துப் போட்டு அடித்தால் பிரிந்த தண்ணீரை அது உறிஞ்சிக்கொள்ளும். இரண்டுக்கும் மசியவில்லை என்றால் கவலைப்படாமல் மேலே போங்கள். கேக் சாப்பிடும்படிதான் வரும். கொஞ்சம் உயரம் குறைவாக, துளைகள் ஒழுங்கில்லாமல் இருக்கும். தூக்கிக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டிய அவசியம் இல்லை.

மைதா

புரதம் 8 முதல் 10 சதவீதம் இருக்கும் மைதா கேக்குக்குச் சரி. பாக்கெட்டின் பின்பக்கத்தில் 100 கிராமுக்கு எவ்வளவு புரதம் என்று போட்டிருக்கும். 11, 12 என்று இருந்தால் 25 கிராம் மைதாவைக் குறைத்து அந்த இடத்தில் சோள மாவு (கார்ன்ஃப்ளவர்) போடுங்கள். பேக்கிங் பவுடரையும் மைதாவையும் விஸ்க்கால் நன்றாகக் கலந்துவிட்டுச் சலியுங்கள். சலிப்பது கட்டியை உடைக்கும், காற்றோட்டம் தரும். ஆனால் ஒரு ஸ்பூன் பவுடரை 225 கிராம் மாவில் சமமாகப் பரப்பும் வேலையை அது சரியாகச் செய்யாது.

மூன்று தவணையாக மைதாவைப் போட்டு, இடையில் பாலை ஊற்றி, ஸ்பாட்டுலாவால் அடியிலிருந்து மேலாக மடித்துச் சேருங்கள். வெள்ளைக் கோடு மறைந்த நொடியில் நிறுத்த வேண்டும். கொழுப்பு மாவைப் பூசி விடுவதால் இந்தக் கேக்கில் குளூட்டன் (மாவுக்கு இழுவை தரும் புரதம்) அவ்வளவு எளிதில் வலுப்படாது என்பது உண்மை. அதற்காக மிக்ஸரை வைத்து இரண்டு நிமிடம் ஓட்டினால் தாங்காது. அதிகம் கலக்கிய கேக்கை வெட்டிப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். கீழிருந்து மேலாகச் சின்னச் சுரங்கங்கள் போலத் துளைகள் ஓடும், கடித்தால் ரொட்டி மாதிரி இழுக்கும்.

டின்னின் அடியில் பட்டர் பேப்பர் போட்டு, ஓரத்தில் வெண்ணெய் தடவி, கலவையைக் கொட்டி மட்டம் செய்யுங்கள். நடுவில் ஸ்பூனின் பின்பக்கத்தால் லேசான பள்ளம் செய்துவிட்டால் உச்சி அதிகம் மேடாகாது. வேறு டின் இருந்தால் பரப்பை வைத்துக் கணக்குப் போடுங்கள். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி ஒப்பிட்டால் போதும்: 6 அங்குலத்துக்கு 36, 8க்கு 64, 9க்கு 81. அதாவது 6 அங்குல டின்னுக்குப் பாதியைவிடச் சற்றே கூட, 9 அங்குலத்துக்கு ஒன்றேகால் மடங்கு. முட்டையில் பின்னம் வந்தால் அடித்துக் கலந்து எடை போட்டுக்கொள்ளலாம்.

ஓவன் சொல்வதை நம்ப வேண்டாம்

160 டிகிரி, 55 முதல் 65 நிமிடம். ஃபேன் ஓடும் ஓவன் என்றால் 140. கறுப்பு டின் வெப்பத்தை அதிகம் இழுக்கும், அதற்குப் பத்து டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்.

குமிழைத் திருப்பி 160இல் வைத்தால் உள்ளே 160 இருக்கும் என்பது நம்பிக்கை மட்டுமே. வீட்டு ஓவன்கள் 15, 20 டிகிரி மேலும் கீழும் தள்ளி நிற்பது சாதாரணம். தெர்மாமீட்டரை நடுத் தட்டில் தொங்கவிட்டு அரை மணி நேரம் காய விட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் விளக்கு அணைந்தாலோ பீப் அடித்தாலோ, காற்று சூடாகிவிட்டது என்றுதான் அர்த்தம். சுவர்கள் இன்னும் காய்ந்திருக்காது. அந்த நேரத்தில் கதவைத் திறந்து டின்னை உள்ளே வைத்தால் இருந்த சூடும் வெளியே போய்விடும். ஓவன் மறுபடி ஏறி வருவதற்குள் வெண்ணெய் உருகி, நீங்கள் அரும்பாடுபட்டு ஏற்றிய குமிழிகள் கலைந்துவிடும். அடியில் ஈரப் பட்டையாக, அழுத்தமாக ஒரு அடுக்கு படிவதற்கு இதுவும் ஒரு காரணம். முட்டை திரிந்தது, பால் கூடிப்போனது, நடு வேகாமல் எடுத்தது ஆகியவை மற்ற காரணங்கள்.

சூடு அதிகமாக இருந்தால் கோளாறு வேறு மாதிரி வரும். ஓரம் சீக்கிரம் இறுகிவிடும், மேல் தோல் கட்டியாகிவிடும், நடுப்பகுதி மட்டும் இன்னும் உப்பிக்கொண்டே இருக்கும். போக வழியில்லாமல் உச்சியைப் பிளந்துகொண்டு எரிமலை மாதிரி வரும். நீள டின்னில் சுடும்போது மட்டும் உச்சியில் விரிசல் விழுவது குறை அல்ல, அந்த வடிவத்துக்கு அது இயல்பு. விரிசல் நேராக வர வேண்டும் என்றால் ஒரு வித்தை இருக்கிறது. மெத்தென்ற வெண்ணெயைச் சின்னக் கவரில் போட்டு, முனையை நறுக்கி, கலவையின் நடுவே நீளவாக்கில் ஒரு மெல்லிய கோடு போட்டுவிட்டு ஓவனில் வையுங்கள். அந்தக் கோட்டில் தோல் தாமதமாக இறுகும். விரிசல் அங்கேயே விழும், அளவெடுத்துக் கீறியது போல.

சின்ன ஓவன்களில் மேல் கம்பி டின்னுக்கு மிக அருகில் இருக்கும். ஒரு தட்டு கீழே இறக்கி வையுங்கள். 35, 40 நிமிடத்தில் மேலே நிறம் ஏறிவிட்டால் அலுமினியம் ஃபாயிலைத் தளர்வாகப் போர்த்துங்கள். அதற்கு முன் கதவைத் திறக்க வேண்டாம். முட்டையும் மாவும் இறுகும் முன் ஓவன் குளிர்ந்தால், குமிழிகள் சுருங்கி நடு அமர்ந்துவிடும்.

எடுக்கும் நேரம். குச்சி சுத்தமாக வர வேண்டும் என்று காத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஐந்து நிமிடம் தாமதமாக எடுக்கிறார்கள். குச்சியில் ஈர மாவு இருக்கக் கூடாது; இரண்டொரு துகள் ஒட்டியிருப்பது நல்லதே. விரலால் நடுவில் தொட்டால் அமுங்கி மேலே வர வேண்டும். காதைக் கிட்டே கொண்டுபோனால் வேகாத கேக்கில் சிறுசிறு குமிழி உடையும் சத்தம் தொடர்ந்து கேட்கும். வெந்ததும் அது அடங்கிவிடும். இதையெல்லாம்விடச் சுலபம் தெர்மாமீட்டரை நடுவில் குத்துவது. 96 முதல் 98 டிகிரி. 93இல் எடுத்தால் ஆறும்போது நடு அமரும், 100ஐத் தொட்டுவிட்டால் மறுநாள் வறட்சி தெரியும்.

டின்னிலேயே பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கட்டும், பிறகு கம்பி வலைக்கு மாற்றுங்கள். உடனே கவிழ்த்தால் உடையும். முழுக்க ஆறும்வரை டின்னில் விட்டால் நீராவி வெளியேற வழியில்லாமல் ஓரமெல்லாம் நசநசக்கும். முழுதாக ஆறியதும் இறுக்கமாகச் சுற்றி வையுங்கள். பட்டர் கேக் மறுநாள்தான் நன்றாக இருக்கும். ஈரம் சமமாகப் பரவி, வெனிலாவும் வெண்ணெயும் மணக்க ஆரம்பிப்பது அப்போதுதான்.

சர்க்கரையைக் குறைக்கலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். பத்து சதவீதம் வரை தாராளமாகக் குறைக்கலாம், 225க்கு 200 கிராம் போட்டால் யாருக்கும் தெரியாது. அதற்குக் கீழே போனால் இனிப்பு மட்டும் குறைவதில்லை. ஈரத்தைப் பிடித்து வைப்பதும், மாவையும் முட்டையையும் சற்றுத் தாமதமாக இறுக வைத்து உப்புவதற்கு நேரம் கொடுப்பதும் சர்க்கரைதான். பாதியாகக் குறைத்தால் கிடைப்பது வேறு ஏதோ ஒன்று.

எண்ணெய் சாக்லேட் கேக்

இதில் க்ரீம் செய்யும் வேலையே இல்லை, அதனால் வெண்ணெய்ப் பதத்தின் தொல்லையும் இல்லை. 8 அங்குல டின் இரண்டுக்கு: மைதா 200 கிராம், கொக்கோ பவுடர் 60 கிராம், சர்க்கரை 300 கிராம், சமையல் சோடா 1 டீஸ்பூன், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், முட்டை 2, கெட்டி மோர் 200 மில்லி, மணமில்லாத எண்ணெய் 120 மில்லி, சூடான டிகாஷன் அல்லது வெந்நீர் 180 மில்லி. எண்ணெய்க்குப் பதில் உருக்கிய வெண்ணெய் போடலாம், மணம் கூடும். ஆனால் ஃப்ரிட்ஜில் வைத்தால் கேக் இறுகும். எண்ணெய் ஃப்ரிட்ஜிலும் இறுகாது. க்ரீம் பூசிக் குளிர வைக்கப்போகும் கேக்குக்கு எண்ணெயே மேல்.

சூடான திரவத்தைக் கொக்கோ மேல் ஊற்றிக் கட்டியில்லாமல் கரைத்து ஐந்து நிமிடம் வையுங்கள். கொக்கோ ஊறி உப்பும், சாக்லேட் வாசனை எழும். டிகாஷன் போட்டால் காபி ருசி தெரியாது, சாக்லேட்தான் ஆழமாகத் தெரியும். முட்டை, மோர், எண்ணெய், சர்க்கரையை விஸ்க்கால் கலந்து, கொக்கோக் கரைசலை மெல்லிய தாரையாக ஊற்றிச் சேருங்கள். கொதிக்கக் கொதிக்கக் கொட்டினால் முட்டை வெந்துவிடும். கடைசியில் மாவு வகைகள். கலவை தோசை மாவைவிடத் தளர்வாக இருக்கும். பயந்துபோய் மைதா சேர்க்க வேண்டாம். 170 டிகிரியில் 28 முதல் 34 நிமிடம்.

கொக்கோ டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். சாதாரணக் கொக்கோ புளிப்புத் தன்மை உள்ளது. அதுவும் மோரும் சேர்ந்து சோடாவைத் தீர்த்துவிடும். "டச் பிராசஸ்" அல்லது "ஆல்கலைஸ்டு" என்று போட்டிருந்தால் அந்தப் புளிப்பை முன்பே எடுத்துவிட்டார்கள். அதற்கு இதே ஒரு டீஸ்பூன் சோடா போட்டால் மீதி நின்று சோப்பு ருசி அடிக்கும். சோடாவை அரை டீஸ்பூனாக்கி, பேக்கிங் பவுடரை ஒன்றரை ஆக்குங்கள். கலந்தபின் மாவைக் காத்திருக்க வைக்காதீர்கள். சோடா ஈரம் பட்டதுமே வேலையை ஆரம்பித்துவிடும்.

முட்டை இல்லாமல் வேண்டும் என்றால் இந்தக் கேக்கில் முயலுங்கள், பட்டர் கேக்கில் வேண்டாம். இரண்டு முட்டைக்குப் பதில் 100 கிராம் கெட்டித் தயிர். பிடிமானம் குறைவாக இருக்கும் என்பதால் டின்னில் இருபது நிமிடமாவது ஆற விட்டுக் கவிழ்க்க வேண்டும்.

மேலே ஊற்ற கனாஷ்: 55 முதல் 60 சதவீத டார்க் சாக்லேட் 200 கிராம், 35 சதவீதக் கொழுப்புள்ள க்ரீம் 200 கிராம். க்ரீமின் ஓரத்தில் குமிழி எழுந்ததும் இறக்கி, பொடியாக நறுக்கிய சாக்லேட் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் வைத்து, நடுவிலிருந்து சின்ன வட்டமாகக் கிளறுங்கள். எண்ணெய் பிரிந்து திட்டுத் திட்டாகத் தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. வெதுவெதுப்பான பால் ஒரு டேபிள்ஸ்பூன் விட்டு மெதுவாகக் கிளறினால் கூடிவிடும். சூடாக இருக்கும்போது ஊற்றலாம், ஆறிச் சற்றுக் கெட்டியானபின் பூசலாம். மில்க் சாக்லேட் என்றால் க்ரீமைப் பாதியாக்குங்கள், வெள்ளைச் சாக்லேட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு.

மாவே இல்லாத சாக்லேட் கேக்

விருந்துக்குப் பின் சின்னத் துண்டாகப் பரிமாற இதைவிடச் செறிவானது இல்லை. டார்க் சாக்லேட் 200 கிராம், வெண்ணெய் 150 கிராம் இரண்டையும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்குங்கள். 50 டிகிரியைத் தாண்ட வேண்டாம். ஒரு துளி தண்ணீர் உள்ளே தெறித்தால்கூடச் சாக்லேட் இறுகி மணல் மாதிரி ஆகலாம், ஆவி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு முட்டையை 150 கிராம் சர்க்கரையோடு வெளுத்து நுரைக்கும்வரை அடித்து, ஒரு சிட்டிகை உப்போடு சாக்லேட்டில் மடித்துச் சேர்த்து, 8 அங்குல டின்னில் 160 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம். அசைத்தால் நடுவில் ஒரு சின்ன ஆட்டம் இருக்கும்போதே எடுக்க வேண்டும். இங்கே 97 டிகிரிக் கணக்கு செல்லாது, அதுவரை விட்டால் வறண்டுவிடும். ஆறும்போது நடு இறங்கும், மேலே வெடிக்கும். இந்தக் கேக்குக்கு அதுதான் சரி, பள்ளத்தில் அடித்த க்ரீமை நிரப்பிவிடலாம்.

பழக் கேக் பற்றி இரண்டு விஷயம்

பழம் அடியில் தங்குகிறது என்பதுதான் இதில் நிரந்தரப் புகார். மாவில் புரட்டிப் போடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள்; அது கொஞ்சம் உதவும், அவ்வளவே. உண்மையில் பழத்தைத் தாங்குவது கலவையின் கெட்டித்தன்மை. மேலே சொன்ன பட்டர் கேக் கலவையில் பாலை விட்டுவிட்டு, பேக்கிங் பவுடரைக் கால் டீஸ்பூனாக்கி, பழத்தைச் சிறிதாக நறுக்கி, ஊறவைத்த சாற்றை நன்றாக வடித்துவிட்டுச் சேர்த்தால் 500 கிராம் வரை தாங்கும். பாகில் கிடந்த செர்ரியைக் கழுவித் துடைத்துப் போட வேண்டும், பாகோடு போட்டால் வழுக்கிக்கொண்டு கீழே போகும்.

இன்னொன்று சூடு. பழம் கருகக் கூடாது, நடுவும் வேக வேண்டும். அதனால் 150 டிகிரியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டியிருக்கும். ஒன்றேமுக்கால் மணியிலிருந்து பார்க்க ஆரம்பியுங்கள். டின்னுக்கு உள்ளே இரட்டைப் பட்டர் பேப்பர், வெளியே பழுப்புத் தாள் இரண்டு சுற்று சுற்றி நூலால் கட்டிவிட்டால் ஓரம் தடித்துப் போகாது. தாள் கம்பியில் படாத அளவு ஓவன் பெரிதாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

பரிமாறும்போது

பட்டர் கேக்கை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே வெட்டிக் கொடுத்தால் எவ்வளவு நன்றாகச் சுட்டிருந்தாலும் காய்ந்ததுபோல்தான் இருக்கும். அது வறட்சி அல்ல, இறுகிய வெண்ணெய். ஒரு மணி நேரம் வெளியே வைத்தால் தானாக இளகும். உண்மையில் இதை ஃப்ரிட்ஜில் வைக்கவே தேவையில்லை. ஃப்ரிட்ஜ் குளிரில்தான் மாவுச்சத்து சீக்கிரம் இறுகிக் கேக் பழசாகும். காற்றுப் புகாமல் சுற்றி மிதமான சூட்டில் வைத்தால் மூன்று நாள் தாங்கும், அதற்கு மேல் என்றால் துண்டு போட்டுத் தனித்தனியாகச் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள், இரண்டு மாதம் கெடாது. ஃப்ரீசரிலிருந்து எடுத்ததைச் சுற்றியபடியே குளிர் விட்டு இளக விட வேண்டும். பிரித்து வைத்தால் காற்றிலுள்ள ஈரம் கேக் மேல் படிந்து பிசுபிசுக்கும். க்ரீம் பூசிய கேக்குக்கு ஃப்ரிட்ஜைத் தவிர வேறு வழியில்லை. அரை மணி முன்னால் வெளியே எடுங்கள்.

வெட்டுவதற்கு பட்டர் கேக்குக்கு ரம்பப் பல் கத்தி, அழுத்தாமல் அறுக்க வேண்டும். கனாஷ் கேக்குக்கும் மாவில்லாக் கேக்குக்கும் நீளமான சாதாரணக் கத்தி; வெந்நீரில் முக்கி, துடைத்து, ஒரே இறக்கில் வெட்டி, அடுத்த துண்டுக்கு மறுபடி துடையுங்கள்.